ஆயாவின் நோட்டு

பாப்பா,

போன வாரம் போனில் "ஆயாவை யாரும்மா குளிப்பாட்டினாங்க?" என்று கேட்டாய். நான் அப்போது டவுன் பஸ்ஸில், அஞ்சு ரோட்டு இரைச்சலில் நின்றுகொண்டிருந்தேன், அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் இது போனில் சொல்லி முடிகிற விஷயமாகத் தெரியவில்லை. உனக்கு லீவும் கிடைக்கவில்லை, டிக்கெட்டும் கிடைக்கவில்லை, டப்ளினில் உட்கார்ந்து வீடியோ காலில் ஆயாவின் அடக்கத்தைப் பார்த்தாய், அதுவும் மலையில் சிக்னல் விட்டு விட்டு வந்ததில் பாதிதான் பார்த்திருப்பாய். அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் படி.

நான்தான் குளிப்பாட்டினேன். கூட நாகலூர் அம்மா இருந்தார். ஞாபகம் இருக்கிறதா, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது மலைக்குப் போனால் மடியில் கொய்யாவும் ஆரஞ்சும் கட்டிக்கொண்டு வந்து உன் முன்னால் கொட்டுவாரே, அவர்தான். மலையாளி என்றதும் நீ கேரளா என்று நினைத்து அவரிடம் ஏதோ கேட்டு எல்லோரும் சிரித்தோம். நம் சேர்வராயன் மலையிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிற மலையாளி ஜனங்கள் அவர்கள். அவருக்கு இப்போது எண்பதை நெருங்கியிருக்கும். சேதி போனதும் பேரன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அந்தப் பனியில் வந்து இறங்கிவிட்டார். "எங்கம்மாளுக்கு உங்கம்மாதான் தண்ணி ஊத்துச்சு, என் வீட்டுக்காரருக்கும் அதுதான் ஊத்துச்சு. இன்னைக்கு நான் வராம யாரு வருவா?" என்று சொல்லிக்கொண்டே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய் வெந்நீர் வைத்தார்.

இது உனக்குப் புரிய வேண்டும் என்றால் அம்மாவின் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். நீ பார்த்த ஆயா, முழங்கால் வலியோடு நம் அரிசிபாளையம் வீட்டு வாசலில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஆயா. நான் பார்த்த அம்மா வேறு.

1939ல் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து லைன் வீட்டில், கூலி ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின வீடுகளில் ஒன்றில், பிறந்தாள். அவளுடைய அப்பா கோவிலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி மலையேறியவர். அது இப்போது தர்மபுரி மாவட்டம், அப்போது எல்லாம் சேலம் ஜில்லாதான், 1965ல்தான் பிரித்தார்கள். அங்கே அவர்கள் குடும்பம் பல தலைமுறையாக வேதக்காரக் குடும்பம், அதாவது கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். "உங்க சாமி வெள்ளைக்காரன் கொண்டாந்த சாமிதானே" என்று யாராவது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டால் அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். தத்துவபோதகர் சாமி, அதுதான் ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலிச் சாமியார், காவி கட்டிக்கொண்டு 1623லேயே சேலத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் வந்துவிட்டார், ஏற்காட்டில் காப்பிச் செடி வந்தது அதற்குப் பிறகு ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்து, காக்பர்ன் கலெக்டர் காலத்தில், அதை மட்டும் எங்க மலைக் காப்பி என்று உரிமை கொண்டாடுகிறீர்களே, என் வேதம் மட்டும் எப்படி வெளியூர் ஆகும் என்று கேட்பாள். அஞ்சாம் வகுப்பு படித்தவள், இதையெல்லாம் உபதேசியாரிடம் கேட்டுக் கேட்டு மனதில் வைத்திருந்தாள்.

அவள் சின்ன வயதில் பூசை லத்தீனில்தான். சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று பூசை வைப்பார், ஜனங்கள் இந்தப் பக்கம் அவரவர் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், மணி அடித்தால் முழங்காலில் நிற்பார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தபோது அம்மாவுக்கு நான் கைக்குழந்தை. முதல் தடவை பூசை முழுக்கப் புரிந்தபோது உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே அழுதேன் என்பாள் என்னிடம். ஆனால் வீட்டில் ஜெபம் மட்டும் கடைசி வரைக்கும் பழைய பாடம்தான், 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்று வேகமாக, மூச்சு விடாமல். நீ அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கியிருக்கிறாய், உனக்கே தெரியும்.

1957ல் கல்யாணம். தாத்தா அதே தோட்டத்தில் பல்பிங், அதாவது காப்பிப் பழத்தின் தோல் நீக்கும் வேலை பார்த்தவர். கார்த்திகை பிறந்துவிட்டால் பழம் எடுப்பு ஆரம்பம், தை வரைக்கும் ஓயாது. விடியும் முன்னால் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு போனால் பழுத்த பழம் மட்டும் ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும், காயை உருவினால் மேஸ்திரி திட்டுவார். சாயந்தரம் பழத்தை அளந்து கொடுத்துவிட்டு வந்து சமையல், அதற்கப்புறம் குடும்ப ஜெபமாலை. எத்தனை அசதியாக இருந்தாலும் ஐம்பத்து மூன்று மணியும் சொன்ன பிறகுதான் சோறு. நான் முழங்காலிலேயே தூங்கி விழுந்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லைனில் யார் இறந்தாலும் முதலில் கூப்பிடுவது அம்மாவைத்தான். இதை அவள் மாமியாரிடம் கற்றுக்கொண்டாள், மாமியார் படுக்கையில் விழுந்த பிறகு வேலை இவள் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் மழைக்காலமென்றால் மலைப்பாதையில் எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது, சேலத்திலிருந்து சொந்தபந்தம் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவதற்குள் ஒரு நாள் ஆகிவிடும். அதுவரைக்கும் பிணத்தோடு அந்த வீட்டுப் பெண்கள் பயந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா போய் உட்கார்ந்ததும் வீட்டில் ஒரு தெம்பு வந்துவிடும், அதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவள் எப்படிச் செய்வாள் என்று உனக்குச் சொல்ல வேண்டும், நீயும் நர்ஸாக இதே வேலை செய்கிறவள். பச்சைத் தண்ணீர் ஊற்றவே விடமாட்டாள். "உசிரோட இருந்தா இந்தக் குளிர்ல பச்சைத் தண்ணி ஊத்துவீங்களா?" என்று கேட்பாள். வெந்நீர் வைத்து, முழங்கையை விட்டுப் பதம் பார்ப்பாள், கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் முன்னால் பார்ப்போமே அதே மாதிரி. வேண்டாத ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, உடம்பு முழுக்க ஒரு துணி போர்த்தி, எந்தப் பக்கம் கழுவுகிறாளோ அந்தப் பக்கம் மட்டும் துணியை விலக்குவாள். பேசிக்கொண்டே இருப்பாள். "கையைக் கொஞ்சம் தூக்கிக்கிறேன் அண்ணே", "இந்தப் பக்கமா திரும்புங்க அத்தே, ஆச்சு, ஆச்சு". காப்பிப் பழம் எடுக்கிற கையில் கறை ஏறி நகத்தோரமெல்லாம் கறுத்திருக்கும். கொஞ்சம் புளி வைத்துத் தேய்த்து, ஒவ்வொரு நகமாகச் சுத்தம் செய்வாள், பத்து விரலும். வாழ்நாள் பூராவும் அழுக்காகவே இருந்த கை, ஆண்டவர் முன்னாடி போகும்போதாவது சுத்தமாகப் போகட்டும் என்பாள். அப்புறம் தாடையைக் கட்டி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, தலை வாரி, நல்ல துணி உடுத்துவாள். வேதக்காரர் என்றால் கையில் ஜெபமாலை சுற்றி, கழுத்தில் உத்தரியம் என்கிற மந்திரித்த துணிப் பட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள்.

வேதக்காரர் இல்லை என்றால்? அங்கேதான் அம்மாவின் குணம். இந்து வீடு என்றால் அவளே தன் கையால் நெற்றியில் திருநீறு வைப்பாள், வாய்க்குள் மட்டும் தன் ஜெபம் ஓடும். ஒருமுறை கோயிலில் ஒரு பெரியவர் இதற்காகக் கண்டித்தார். "அவங்க சாமிகிட்டப் போற நேரத்துல என் சாமி அடையாளத்தை வெச்சு அனுப்பினா அது மரியாதையா? நம்ம வீட்டுச் சாவுல வேற யாராச்சும் அப்படிச் செஞ்சா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டாள். அவர் அதற்கு மேல் பேசவில்லை. அம்மாவுக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது, வெள்ளிக்கிழமை ஒரு துண்டு மீன்கூட வாயில் வைக்காதவள், தவக்காலம் முழுக்க சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைக்கும் முழங்காலில் நின்று எழுந்தவள். நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அடுத்தவர் சாமிக்கு இத்தனை இடம் கொடுத்துத் தன் சாமியை இத்தனை இறுக்கிப் பிடித்த வேறு ஆளைப் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்த பிறகு தன் வீட்டிலிருந்து வரக்காப்பி போட்டு எடுத்துப்போவாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அதனால் இவள் வீட்டு அடுப்பு எரியும். தோட்டத்தில் கீழே உதிர்ந்த கொட்டையை அவளே இரும்புச் சட்டியில் வறுத்து உரலில் இடித்து வைத்திருப்பாள், வெல்லம் போட்டு பெரிய குண்டானில் காய்ச்சினால் லைன் முழுக்க வாசம் அடிக்கும். எனக்கு இன்றைக்கும் காப்பி வறுக்கிற வாசம் வந்தால் யார் வீட்டில் என்ன ஆச்சோ என்று மனம் ஒரு கணம் பதறும்.

அப்புறம் அந்த நோட்டு. பழுப்பு அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு, ஒன்று தீர்ந்தால் இன்னொன்றைச் சேர்த்து ஊசி நூலால் தைத்து, இப்போது தலையணை கனத்துக்கு இருக்கிறது. அவள் தண்ணீர் ஊற்றின ஒவ்வொருவர் பேரும் அதில் இருக்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று, கோயிலில் பூசை முடிந்து கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போன பிறகு, அம்மா அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் சத்தமாக வாசிப்பாள். பத்துப் பேர் வாசித்ததும் ஒரு 'நித்திய இளைப்பாற்றி', மறுபடியும் பத்துப் பேர். எங்களுக்குக் குளிரும், பசிக்கும், அவள் அவசரப்பட மாட்டாள். நவம்பர் முதல் தேதியிலிருந்து எட்டாம் தேதி வரை கல்லறைக்குப் போய் மரித்தவர்களுக்காக வேண்டினால் அவர்களுடைய பாவத் தண்டனை முழுக்க நீங்கும் பரிபூரண பலன் உண்டு என்று திருச்சபை சொல்கிறதல்லவா, அந்த எட்டு நாளும் போவாள். ஒரு நாளைக்கு ஓர் ஆத்துமாவுக்குத்தான் பலன் என்பதால் யாருக்கு முதலில் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. தன் சொந்தங்கள் கடைசியில்தான் வருவார்கள். "நம்மவங்களுக்கு நாம இருக்கோம். ஆள் இல்லாதவங்களுக்கு யாரு இருக்கா?"

நோட்டில் எல்லாமே பேராக இருக்காது. சில வரிகளை அப்படியே எழுதுகிறேன், அவள் எழுதின மாதிரியே: "கீழ் லைன் ஊமையன் சம்சாரம்." "மொளகு பறிக்க ஏணியில் ஏறி விழுந்தவர், ஆத்தூர்க்காரர்." "லாரியில் வந்த பையன், பேர் தெரியல, சர்வேசுரனுக்குத் தெரியும்." சில இடத்தில் வெறுமனே "சம்மனசு", தேவதூதர், என்று மட்டும் இருக்கும். அவை பிறந்த உடனே போன குழந்தைகள். சாகும் தறுவாயில் சாமியார் வர நேரமில்லை என்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், கொஞ்சம் தண்ணீரும் சரியான வார்த்தையும் போதும், அதற்குச் சபையில் எப்போதுமே அனுமதி உண்டு. அம்மா அப்படிச் சில குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கிறாள். வேதக்காரப் பெற்றோர் கேட்டால் மட்டும்தான். மற்ற வீட்டில் அந்தக் குழந்தையை ஒரு துணியில் சுற்றி அம்மாக்காரி மடியில் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்வாள். உடனே தூக்கிக்கொண்டு போகவிடமாட்டாள். அந்தக் காலத்தில் பெற்றவளுக்கு முகத்தைக்கூடக் காட்டாமல் புதைப்பார்கள் பாப்பா. இப்போது உங்கள் ஆஸ்பத்திரியில் பெற்றவளிடம் குழந்தையைக் கொடுத்து நேரம் விடுகிறார்கள் என்று நீ ஒருமுறை சொன்னபோது நான் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நோட்டில் ஒரு பக்கம் மட்டும் ஓரம் கிழிந்திருக்கும், ரொம்பப் புரட்டினதால். அதில் மேல் லைன் பெண் ஒருத்தி இருக்கிறாள். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். கல்யாணம் முறிந்து தாய்வீடு வந்தவள், ஒரு நாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். அன்றைக்கு இருந்த திருச்சபைச் சட்டம் 1917ல் எழுதினது, தெரிந்தே அப்படிச் செய்தவர்களுக்குக் கோயில் அடக்கம் கிடையாது என்று அதில் இருந்தது. மணி அடிக்கவில்லை, பூசை இல்லை, கல்லறையில் இடமும் இல்லை, காட்டோரம் புதைத்தார்கள். அம்மா போய் தண்ணீர் ஊற்றினாள், தலைக்குப் பூ வைத்தாள், அந்த வருஷக் கல்லறைத் திருநாளில் அவள் பேரைச் சத்தமாகவே வாசித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த பேருக்குப் போகாமல் இன்னொரு தடவை வாசித்தாள். 1983ல் வந்த புதுச் சட்டத்தில் அந்தத் தடையே இல்லை, 1992 மறைக்கல்வி ஏட்டில் இப்படிப் போனவர்களுக்காகத் திருச்சபை வேண்டுகிறது என்றே எழுதியிருக்கிறது. அதைச் சாமியார் ஒருவர் சொல்லக் கேட்டு வீட்டுக்கு வந்தவள் என்னிடம் சொன்னாள், "ரோமாபுரிக்கு இப்பத்தான் சேதி போயிருக்கு." பெருமையாக இல்லை, அந்தப் பெண்ணின் அம்மா உயிரோடு இருந்து இதைக் கேட்கவில்லையே என்ற வருத்தத்தில் சொன்னாள்.

தாத்தா போன பிறகும் ரொம்ப நாள் மலையிலேயே இருந்தாள். முழங்கால் முடியாமல் போனதும்தான் 2004ல் கீழே நம்மோடு வந்தாள். சேலத்து வெயில் அவளுக்குக் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை, சித்திரையில் ஈரத் துண்டை முதுகில் போட்டுக்கொண்டு மலை இருக்கிற திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். காலை முதல் பூசைக்குக் குழந்தை ஏசு பேராலயத்துக்கு நடந்தே போய் வருவாள், வரும்போது உனக்கு ஒரு தட்டுவடை செட்டுக்குக் காசு முடிந்து வைத்திருப்பாள். இங்கே வந்த பிறகு யார் வீட்டிலும் தண்ணீர் ஊற்றக் கூப்பிடவில்லை, டவுனில் எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் நோட்டு நிற்கவில்லை. மலையிலிருந்து போனில் சேதி வரும், எழுதிக்கொள்வாள்.

2021 வைகாசியில், கொரோனா நேரத்தில், நீ அங்கே வார்டில் வேலையில் கிடந்து பட்டதை இங்கே நாங்கள் வீட்டுக்குள் கிடந்து பட்டோம். கோயில் மூடியிருந்தது, மாதா டிவியில் பூசை பார்த்தாள். சுற்றத்தில், பழைய லைன் ஆட்களில் எத்தனையோ பேர் போனார்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள், ஒருத்தர் முகத்தைக்கூடக் கழுவவில்லை என்று கேட்டு அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை, அந்த மாதம் பார்த்தேன். அப்புறம் எழுந்து உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டுப் பேர் கேட்டு எழுத ஆரம்பித்தாள், தெரியாதவர்கள் பேரைக்கூட. நோட்டிலேயே அடர்த்தியான பக்கங்கள் அவைதான். அதற்கு முந்தின வருஷமே கொரோனாவுக்காக அந்த எட்டு நாள் பலனை நவம்பர் மாதம் முழுக்க நீட்டி ரோமாபுரியிலிருந்து அறிவித்திருந்தார்கள், 2021லும் அப்படியே நீட்டினார்கள். முப்பது நாள் கிடைத்ததே என்று அவளுக்கு ஒரு ஆறுதல்.

கடைசியாகப் போன மார்கழியில் "என்னைய மேல கொண்டுபோய் விடு" என்றாள். காரணம் கேட்கவில்லை, அவள் குரலே சொன்னது. மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டு நானும் கூடவே இருந்தேன். சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, நோயில்பூசுதல் கொடுத்து, நன்மை (நற்கருணை) கொடுத்தார். நல்ல மரணத்துக்காகச் சூசையப்பரிடம் தினமும் வேண்டினவள், மார்ச் மாதம் முழுக்க வணக்கமாதம் ஒரு நாள் விடாமல் செய்தவள், அவள் கேட்டதை அவர் கொடுத்துவிட்டார். வலி இல்லை. விடியற்காலையில் திரிகால மணி அடித்தபோது சிலுவை அடையாளம் போடக் கையைத் தூக்கினாள், பாதி தூக்கினாள், நான் பிடித்து முடித்துவைத்தேன். வெயில் ஏறும் முன்னால் போய்விட்டாள்.

வெந்நீரை நாகலூர் அம்மா கொண்டுவந்ததும் நான் முழங்கையை விட்டுப் பார்த்தேன். பேசிக்கொண்டே செய்தோம், அவள் செய்த மாதிரியே. நகத்தில் கறை எதுவும் இல்லை, மலையை விட்டு வந்து இத்தனை வருஷம் ஆயிற்றே, ஆனாலும் நாகலூர் அம்மா கொஞ்சம் புளியை எடுத்து பத்து விரலையும் தேய்த்தார். வலது கை ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் ஜெபமாலை உருட்டின இடம் காய்ப்பேறி இருந்தது. புதுநன்மைக்கு அணிந்த பதக்கம் ஒன்றைத் தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள், அதை எடுத்துக் கழுத்தில் போட்டேன். நெற்றியில் சிலுவை அடையாளம் வைத்தது நாகலூர் அம்மாதான், நான் கேட்டேன், அவர் வைத்தார். வருஷா வருஷம் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், குகை வாசலுக்கு வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டு வந்த கை அது.

இதுதான் நீ கேட்டதற்குப் பதில். நீ போன மாதம் எழுதியிருந்தாயே, யாருமே பார்க்க வராத ஒரு பாட்டி விடியற்காலையில் உன் வார்டில் போய்விட்டார், கூட இருந்த ஐரிஷ் நர்ஸ் ஆத்மா போக வழி விட வேண்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டார், நீ அவருக்குத் தலை வாரிவிட்டாய் என்று. அதைப் படித்துவிட்டு நான் ரொம்ப நேரம் போனை வைக்கவில்லை. உனக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. நோட்டு உன்னிடம்தான் வர வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மாமாவிடமும் கேட்டுவிட்டேன், அவனுக்கும் சந்தோஷம்தான். நீ ஞாயிறு பூசைக்குப் போகிறாயா என்று கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன், அது உனக்கும் ஆண்டவருக்கும் நடுவில். நோட்டை மட்டும் வைத்துக்கொள். உங்கள் ஆஸ்பத்திரி விதிப்படி நோயாளி பேரை வெளியே சொல்லக் கூடாது என்பாய், தெரியும். ஆயா எழுதின மாதிரி எழுது, 'ஜன்னலோரப் படுக்கைப் பாட்டி' என்று. போதும்.

அங்கேயும் நவம்பரில் கோயிலில் மரித்தவர்கள் பேரை எழுதிக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள் என்று சொன்னாயே. ஆயா பேரை அதில் எழுதிப் போடு, ஞானஸ்நானப் பேரையும் வீட்டுப் பேரையும் சேர்த்து. இன்னொன்று, நாக் மாதா கோயிலுக்கு ஒரு தடவை போய்விட்டு வா. 1879ல் அங்கே மாதா காட்சி கொடுத்தபோது பக்கத்தில் சூசையப்பரும் இருந்தார் என்று நீ சொன்ன நாளிலிருந்து "பாப்பா அங்க போச்சா, போச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போய் ஒரு மெழுகுவத்தி வை.

நாளன்னிக்குக் கல்லறைத் திருநாள். மழை விடாமல் பெய்கிறது, பாதையில் கல் எதுவும் சரியாமல் இருந்தால் நானும் மாமாவும் காலையிலேயே மேலே போய்விடுவோம். இந்த வருஷம் நோட்டை நான்தான் வாசிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் அம்மா பேரை எழுதிவிட்டேன். கல்லறைக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது, சாமந்தியும் கோழிக்கொண்டையும் கீழே இருந்தே வாங்கிப்போகிறேன், மேலே விலை அதிகம்.

டிசம்பரில் நீ வரும்போது பழம் எடுப்பு நடந்துகொண்டிருக்கும். மாமா வீட்டில் ரெண்டு நாள் தங்கலாம், குளிர் அங்கே ஒன்றும் குறைச்சல் இல்லை, ஸ்வெட்டர் எடுத்துக்கொள். நாகலூர் அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வா, நல்ல அழுத்தமான சிவப்பாக இருக்கட்டும், வெளிர் கலர் அவருக்குப் பிடிக்காது. நோட்டைத் தபாலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, நீயே வந்து எடுத்துப்போ. டிக்கெட் போட்டதும் தேதி சொல், பெங்களூரா கோயமுத்தூரா என்பதையும் சொல், அப்பா கார் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அம்மா